பாவப் பொருத்தமும்

திண்டிவனம்
12.4.1997

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை ரோஸ்லினுக்கு அக்கா அமலோற்பவமேரி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சவுரிராயனும் பிள்ளை ஆண்டோவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே சுகமில்லை.

சொல்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதனால் அந்த இடத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். ரோட்டோரம் மல்லாட்டை காயப்போட்டிருந்த சவுரியம்மாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த பெரியதம்பி, செங்கல் சூளையில் வேலை செய்கிறவன். கொஞ்சம் பின்னால் இன்னொரு சைக்கிளில் வந்த பாண்டுரங்கன், உன் மாமாவின் ஆபீஸ் பியூன். உன் மாமா. ஒரு வேன்காரன். வேறு யாரும் இல்லை.

பங்குனி அமாவாசை, திங்கட்கிழமை சாயங்காலம். வெயில் இன்னும் இறங்கவில்லை. மாமா ஒலக்கூர் ஆபீசிலிருந்து வழக்கம்போல சைக்கிளில் திரும்பியிருக்கிறார். சவுரியம்மாள் தார் ரோட்டின் ஓரத்திலேயே அந்தக் கடலையைப் பரப்பியிருந்தாள். அதன்மேல் ஏற்ற மனமில்லாமல் இவர் சுற்றிக்கொண்டு கொஞ்சம் உள்ளே வந்தார். பின்னால் ஒரு வேன், நம் ஆண்டோவின் வண்டி மாதிரியே கிரீம் கலர், சவாரி ஏறாத காலி வண்டி, ஆரனை அழுத்திக்கொண்டே வந்தது. மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்துக்கு அடுத்த சவாரி ஏற்றுகிற அவசரமாக இருக்கும். இவர் கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினார். அந்தக் கைதான் குற்றம்.

பெரியதம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சாரைத் தாண்டிப் போயிட்டான்மா. தாண்டினவன் போவ வேண்டியதுதானே? முன்னாடி போய் நிறுத்திக்கினு நின்னான். சார் மறுபடி அவனைத் தாண்டுற வரைக்கும் காத்துக்கினு இருந்தான். அப்பறம் கிளப்பி பின்னாலயே வந்து ஓரத்துக்கு ஒரே அணைப்பா அணைச்சான். சார் சைக்கிளோட பள்ளத்துல போயிட்டாரு.”

தார் முடிகிற இடத்துக்கும் மண்ணுக்கும் அங்கே முழங்கால் பள்ளம். தொடை எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. தலையில் அடி. கண்ணாடி எங்கே போனதென்று தெரியவில்லை. வேன்காரன் இறங்கி வந்து, குனிந்து, காதில் ஏதோ சொல்லிவிட்டு ஓடிப்போனானாம். “உசுரு போறவருகிட்ட போயி திட்டிட்டுப் போறானே, அவன் வெளங்குவானா” என்று சவுரியம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

போலீஸ் கேஸ் எழுதிச் சைக்கிளை ஸ்டேஷனுக்கு எடுத்துப்போனது. மாமா பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பேச்சில்லை. வந்து பார்த்துப் போகிறவர்கள் பெயரையெல்லாம் எழுதி வைக்கிறேன். அவர்களுக்கு ஒன்றென்றால் நாம் போக வேண்டுமல்லவா. முதல் வரியை உனக்கென்று விட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது ஆண்டோ வேனைக் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். படுக்கவைத்தபடி கூட்டிவரலாம்.

உன் அக்கா
அமலோற்பவம்

*

விழுப்புரம்
2.5.1997

சேசுவுக்குத் தோத்திரம். அன்புள்ள அக்காவுக்கு ரோஸ்லின் எழுதிக்கொண்டது. உன் கடிதம் கண்டு மூன்று பேரும் சாப்பிடவில்லை. மாமாவுக்காக தினமும் ஜெபமாலை சொல்கிறோம். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

உடனே வரத்தான் இருந்தேன். ஆண்டோவுக்கு ஜுரம். அந்த அமாவாசைக்கு முதல் நாளே படுத்துவிட்டான். மேல்மலையனூர் சவாரி ஒன்றுகூட ஓட்டவில்லை, வண்டியை எடுக்கவே இல்லை. அப்படியே என்னையும் தொற்றிக்கொண்டது. வேனும் இஞ்சின் பிரித்துப்போட்டுக் கிடக்கிறது, அதனால் நீ கேட்டதற்கு வழியில்லாமல் போயிற்று. தப்பாக நினைக்காதே.

அக்கா, மாமா சைக்கிளில் லைட் எரிந்ததா? பின்னால் மட்கார்டில் சிவப்பு வில்லை இருந்ததா? நான் குறை சொல்லவில்லை. வேன் ஓட்டுகிறவர்கள் பாவம், அவர்களுக்கு முன்னால் போகிற சைக்கிள் ஒன்றும் தெரிவதில்லையாம். தெரிந்தால் யாராவது இடிப்பார்களா? கிரீம் கலர் வேன் இந்த ஜில்லாவில் எத்தனையோ ஓடுகிறது.

மாமாவுக்குப் பேச்சு வந்துவிட்டதா? என்ன சொன்னார்? அதை மட்டும் உடனே எழுது.

பிரியமுள்ள தங்கை
ரோஸ்லின்

*

திண்டிவனம்
9.5.1997

சேசு மரி சூசை துணை

தங்கை ரோஸ்லினுக்கு. சுகம், சுகமறிய ஆவல்.

மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பாண்டுரங்கன் தன் மச்சானின் டெம்போவில் வைக்கோல் பரப்பி ஏற்றிவந்தான். ஒவ்வொரு மேட்டுக்கும் அவர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தை வருகிறது, தண்ணீர் என்கிறார், வலி என்கிறார். வலது காது கேட்கவில்லை. இடது காதில் சொன்னால் விளங்கிக்கொள்கிறார்.

லைட் எரிந்ததா என்று கேட்டிருந்தாய். வெயில் கண்ணைக் குத்துகிற நேரத்தில் யாரும் லைட் போட்டுக்கொண்டு போவதில்லை ரோஸ்லின். அவன் முன்னால் போய் நின்று, இவர் வருகிற வரைக்கும் காத்திருந்தான் என்று எழுதியிருந்தேனே. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக யாரும் காத்திருப்பார்களா.

ஆண்டோவுக்கு ஜுரம் என்று எழுதியிருந்தாய். நான் அவன் எங்கே இருந்தான் என்று கேட்கவில்லை, நீயாகத்தான் எழுதினாய். இப்போது தேவலையா? கஞ்சிக்குக் கேப்பை மாவு போட்டுக் கொடு.

பெயர் எழுதுகிற இடத்தில் முதல் வரி இன்னும் காலியாகவே இருக்கிறது.

அக்கா

*

விழுப்புரம்
26.5.1997

சேசுவுக்குத் தோத்திரம். அன்புள்ள அக்காவுக்கு. மாமா வீடு வந்தது கேட்டு மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். இங்கே எல்லாரும் ஒருவாறு இருக்கிறோம்.

பஸ் கண்டக்டரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா? சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கிற ஸ்டிக்கர். வெளிச்சம் பட்டால் நெருப்பு மாதிரி தெரியும். உன் பங்குக் கோயிலில் சைக்கிள் வைத்திருக்கிற எல்லாருக்கும் காணும். உங்கள் சாமியாரிடம் கொடுத்து ஒட்டச் சொல். இனிமேல் ஒரு சைக்கிள்காரரும் விழக்கூடாது என்று உன் மாப்பிள்ளையே கடைகடையாக அலைந்து வாங்கிவந்தார். சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு வேண்டுமல்லவா அக்கா.

வேனை விற்றுவிட்டோம். ராசியில்லை. ஆண்டோ பொம்மையார்பாளையத்தில் அவன் அத்தை வீட்டில் இருக்கிறான். மீன் ஏலத்துக்கு ஐஸ் கொண்டுபோகிற வேலை. கடல்காற்று உடம்புக்கு நல்லது என்று அனுப்பினோம். சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

மாமா என்ன சொல்கிறார்?

ரோஸ்லின்

*

திண்டிவனம்
8.6.1997

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு. பொட்டலம் வந்தது, சாமியாரிடம் கொடுத்துவிட்டேன். ஆண்டோ சாப்பிடாமல் இருக்கிறான் என்றால் கவலையாக இருக்கிறது.

மாமா என்ன சொல்கிறார் என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்தாய். இப்போது சொல்கிறார், எழுதுகிறேன்.

நேற்று நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். “அமலு, நான் பள்ளத்துல கிடந்தப்ப ஒரு சம்மனசு வந்துச்சு. கண்ணாடி இல்ல, மூஞ்சி தெரியல. இந்தக் காதுல குனிஞ்சு நன்மரண ஜெபம் சொல்லுச்சு” என்றார். தேவதூதரே வந்தாரா என்று முழங்காலில் விழுந்துவிட்டேன். அதற்குள் அவர் சிரித்தார். அடிபட்ட பிறகு முதல் சிரிப்பு.

“ஆனா உன்னை மாதிரியே தப்பா சொல்லுச்சு. பாவப் பொறுத்தலும்னு சொல்லாம பாவப் பொருத்தமும்னு சொல்லுச்சு. மோட்சத்துலயும் உங்கம்மாதான் பாடம் எடுக்குறாங்களா?”

உனக்கு ஞாபகமிருக்கும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவள் காதால் கேட்டுச் சொன்னதைத்தான் நாம் இருவரும் படித்தோம். முதன்முதலாக நற்கருணை வாங்க நம்மைப் படிப்பித்த புது நன்மை வகுப்பில் சாமியார், “கலியாணத்துக்குத்தான் பொருத்தம் பார்ப்பாங்க, நீங்க பாவத்துக்கும் பார்க்கிறீங்களா” என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள், நீ அழுதாய். அம்மா சொன்னதை மாற்றமாட்டோம் என்று அன்றைக்கு நாம் வீம்பு பிடித்தோம். அதன்பிறகு எத்தனையோ கோயில், எத்தனையோ சாவு வீடு பார்த்துவிட்டேன். நம் வீட்டைத் தவிர யார் வாயிலும் அப்படி வரக் கேட்டதில்லை.

சம்மனசு பாதியில் போய்விட்டதாம். “பாவப் பொருத்தமும்னு சொல்லிட்டு எழுந்து ஓடிடுச்சு. உம்னு நிறுத்தினா அடுத்தது வரணுமே, காதைத் தீட்டிக்கினே கிடந்தேன், வரல” என்றார். “மோட்ச பாக்கியமும் தந்தருளும்” என்று நான் முடித்துக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டினார். “நீ சொன்னா ஆவாது. ஆரம்பிச்சவங்க முடிக்கணும்.”

காதில் குனிந்தவன் அந்த வேன்காரன்தான் என்று பெரியதம்பி பார்த்திருக்கிறான், உனக்கும் முன்னமே எழுதிவிட்டேன். மாமாவுக்கு அது தெரியாது. அவருக்குச் சம்மனசு என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி.

அக்கா

*

திண்டிவனம்
20.7.1997

சேசு மரி சூசை துணை

தங்கை ரோஸ்லினுக்கு. சென்ற மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. தபால்காரரைக் கேட்டால் விழுப்புரம் தபால் மறுநாளே போய்விடும் என்கிறார். சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் ஸ்டிக்கரைப் பூசை முடிந்து சாமியார் மந்திரித்துக் கொடுத்தார். கோயில் வாசலில் வரிசையாக நிறுத்தி எல்லாச் சைக்கிளுக்கும் ஒட்டினார்கள். பெயர் சொல்ல விரும்பாத விழுப்புரம் குடும்பம் ஒன்றின் தர்மம் என்று பிரசங்கத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்தவள், “யாரோ புண்ணியவதி” என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

பாண்டுரங்கன் இந்துவானாலும் ஆசைப்பட்டு ஒட்டிக்கொண்டான். மறுநாள் அதே ரோட்டில் ஒரு லாரிக்காரன் பக்கத்தில் வந்து, “என்னா சார், கிறிஸ்மஸ் மரம் ரோட்டுல போவுது, எறங்குடா ஓரத்துல” என்று கதவைத் தட்டிக்கொண்டே அவனை முள்ளுக்குள் விட்டான். கையெல்லாம் கீறல். “அம்மா, முன்ன நம்மளைத் தெரியலன்னு நெனைச்சிக்கினு இருந்தோம். இப்ப நல்லா தெரியுது அவனுங்களுக்கு” என்று வந்து ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டான்.

தார் ஓரத்துப் பள்ளத்தை ரோடு நெடுக மூடித் தரும்படி நான் கலெக்டருக்கு ஒரு மனு எழுதினேன். மல்லாட்டை காயப்போடத் தனியாகக் களம் வேண்டும் என்றும், சைக்கிள் போகிறவர்களை வண்டிக்காரர்கள் விரட்டினால் லைசென்சைப் பிடுங்க வேண்டும் என்றும் எழுதினேன். சவுரியம்மாளும் கைநாட்டு வைத்தாள். என் மல்லாட்டையை மிதிக்காமல் போனதற்கா இந்தக் கதி என்று அவள் வருகிற போதெல்லாம் அழுகிறாள். மனுவைப் படித்துவிட்டு, மாமா விழுந்த இடத்தில் மட்டும் ஒரு வண்டி கப்பிக்கல் கொட்டிப் போனார்கள். இனி அந்த ஒரு இடத்தில் விழுகிறவர்களுக்கு அடி குறைவாகப் படும்.

மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால் புண் ஆறவில்லை. காலை எடுக்கவேண்டி வரும் என்கிறார்கள். நீ கேட்கவில்லை, நானாக எழுதுகிறேன்.

அக்கா

*

விழுப்புரம்
16.8.1997

சேசுவுக்குத் தோத்திரம். அன்புள்ள அக்காவுக்கு. மாதா திருநாள் நன்றாக நடந்தது. தேர் ஜோடனை இந்த வருஷம் ரொம்ப அழகு. மாமாவுக்காகப் பூசை வைத்தோம். வீட்டு வேலையில் எழுத நேரமில்லாமல் போயிற்று. உன் கடிதங்கள் கிடைத்தன, எல்லாம் படித்தேன்.

ஒரு விஷயம். சைக்கிளைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள் அல்லவா, மழையில் துருப்பிடித்துப் போகும். உன் மாப்பிள்ளைக்குத் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் யோசனை சொன்னார். சைக்கிள் தானாகச் சறுக்கி விழுந்தேன், யார்மேலும் வருத்தமில்லை என்று மாமா ஒரு கையெழுத்துப் போட்டால் கேஸ் முடிந்து சைக்கிள் திரும்பிவிடும். காகிதத்தை டைப் அடித்து இதோடு வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து.

அடிபட்டவர்களுக்கு மயக்கத்தில் காதில் என்னென்னவோ கேட்குமாம். இங்கே ஒரு கம்பவுண்டர் சொன்னார். அதையெல்லாம் வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் அக்கா.

ஆண்டோ ஐஸ் வேலை பார்க்கிறான். பெரியப்பாவை விசாரித்ததாக எழுதச் சொன்னான்.

ரோஸ்லின்

*

திண்டிவனம்
24.8.1997

சேசு மரி சூசை துணை

தங்கைக்கு. மாமாவின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சைக்கிள் திரும்பி வந்தாலும் மிதிக்க ஆளில்லை, அங்கேயே இருக்கட்டும். காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரிடம் காட்டவில்லை. காட்டினால் உன் பெயரைச் சொல்லவேண்டி வரும். நீ கேட்டாய் என்றால் படிக்காமலே போட்டுவிடுவார், அவர் சுபாவம் உனக்குத் தெரியும்.

அந்தச் சைக்கிள் உனக்கு நினைவிருக்கிறதா? ஆண்டோ புது நன்மை வாங்கின கோடையில் என் வீட்டில்தான் இருந்தான். பிள்ளையில்லாத எங்கள் வீட்டில் அந்த ஒரு கோடைதான் சத்தம் இருந்தது. மாமா அவனை முன்பாரில் துண்டை மடித்துப் போட்டு உட்காரவைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். நான் சொல்லிக்கொடுத்த ஜெபங்களையெல்லாம் வழிநெடுக மணியடித்துக்கொண்டே ஒப்பிப்பான். பாவப் பொருத்தமும் என்று வரும்போது மாமா வேண்டுமென்றே பிரேக்கைப் பிடிப்பார், அவன் விழுந்துவிழுந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்து, “பெரியம்மா, பெரியப்பா என் ஜெபத்தை நிறுத்திட்டாரு” என்று புகார் சொல்வான்.

ஆண்டோவுக்கு அந்த ஜெபம் இன்னும் ஞாபகமிருக்கிறதா? எப்படிச் சொல்கிறான்? கேட்டு எழுது.

அக்கா

*

விழுப்புரம்
5.10.1997

சேசுவுக்குத் தோத்திரம். அன்புள்ள அக்காவுக்கு. மாமாவின் கால் போனதைக் கேட்டு மனசு ஒடிந்துவிட்டது. ஆண்டவர் கொடுக்கிற சிலுவை. நீ தைரியமாக இரு.

ஜெபத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் வீட்டில் எல்லாரும் பொறுத்தல் என்றுதான் சொல்வோம். எப்போதுமே அப்படித்தான். ஆண்டோவும் பொறுத்தலும் என்றே சொல்கிறான், அவன் அப்பா முன்னால் பத்துத் தரம் சொல்லிக்காட்டினான், ஒரு தரமும் தப்பவில்லை. அம்மா அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நீதான் மறந்துபோய் ஏதோ எழுதுகிறாய்.

ஒரு நல்ல செய்தி. கோட்டக்குப்பம் சாதிக் பாட்சா பாய் மூலமாக ஆண்டோவுக்குத் துபாயில் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது. நவம்பர் கடைசியில் புறப்படுகிறான். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை நல்லபடி முடிந்தது, அவன் பேரில் எங்கேயும் ஒன்றும் இல்லை. அங்கே பெரிய பெரிய ரோடாம் அக்கா, சைக்கிளே கிடையாதாம். அது ஒன்றே எனக்குப் பெரிய நிம்மதி.

எனக்கு அவன் ஒரே பிள்ளை. உனக்கும் பிள்ளை மாதிரிதான். உன் கையில் வளர்ந்தவன். அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

ரோஸ்லின்

*

திண்டிவனம்
2.11.1997
கல்லறைத் திருநாள்

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை ரோஸ்லினுக்கு அக்கா எழுதுவது. நீங்கள் எல்லாரும் சுகமென்று நினைக்கிறேன். காலையில் கல்லறைக்குப் போய் அம்மாவுக்கு மெழுகுதிரி வைத்தேன். நீ அவள் சொன்னது நினைவில்லை என்று எழுதியதை அவளிடம் சொல்லவில்லை.

மாமாவுக்குச் சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டார். புண்ணின் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டதாம். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். இந்த மாதம் தாண்டாது. வலி தெரியாதபோது பேசுகிறார். பேசினால் ஒரே பேச்சு. “சம்மனசு இன்னும் வரலயா அமலு? உம்னு நிறுத்திட்டுப் போச்சே. மீதியைக் கேக்காம எப்படிக் கண்ணை மூடறது?” சாமியார் சொல்லிப் பார்த்தார். நான் தினமும் சொல்கிறேன். இல்லை இல்லை என்று தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

ஆண்டோ புறப்படுமுன் ஒரு தரம் இங்கே வரட்டும். நான் போலீசுக்குப் போய் அவன் பெயரைச் சொல்லவில்லை. போகாதது உன்னை நினைத்து என்று எண்ணிக்கொள்ளாதே. போனால் அவனைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், மாமா காதில் சொல்ல ஆள் இருக்காது. அவன் அன்றைக்கு முன்னால் போகிறவர் முதுகை மட்டும்தான் பார்த்தான், முகத்தைப் பார்த்த பிறகுதான் யாரென்று தெரிந்தது என்று நானே அவனுக்காகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ரோஸ்லின், முதுகு என்றால் இடிக்கலாமா என்று உடனே ஒரு கேள்வி வருகிறது. யாரென்று தெரிந்த பிறகும் தூக்கி வேனில் போடாமல், ஜெபத்தைச் சொல்லி, அதையும் முடிக்காமல் ஓடினானே என்று அடுத்த கேள்வி வருகிறது.

வந்தால் இடது காதுப் பக்கம் நிற்கச் சொல், வலது காது கேட்காது. விட்ட இடத்திலிருந்து சொன்னால் போதும். நீங்கள் திருத்திக் கொடுத்தபடி சொல்ல வேண்டாம். பொறுத்தலும் என்று சொன்னால் மாமாவுக்கு அடையாளம் தெரியாது, வேறு யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் கற்றுக்கொடுத்தபடி, பாவப் பொருத்தமும் மோட்ச பாக்கியமும் என்று சொல்லட்டும்.

உன்னிடம் மறைத்து அழைத்தேன் என்று பிறகு பேச்சு வரக்கூடாது. அதனால் யார் யார் இருப்பார்கள் என்று எழுதிவிடுகிறேன். சவுரியம்மாள் தினமும் வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பெரியதம்பி வேலை முடிந்ததும் வருவான், அவரைப் புரட்டிப் போட ஒரு ஆண்துணை வேண்டியிருக்கிறது. பாண்டுரங்கன் வருவான். மாமா இருப்பார், நான் இருப்பேன். அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்களில் ஒருவன்தான் குறைகிறான். பெரியதம்பிக்கு அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறதாம். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

உனக்கென்று விட்ட முதல் வரியில் வேண்டுமானால் அவன் பெயரை எழுதிக்கொள்கிறேன்.

வருகிறானா, வரவில்லையா, இரண்டில் ஒன்றை எழுதிச் சீக்கிரம் பதில் போடவும்.

அக்கா
அமலோற்பவமேரி